பென் கிரிம் ஏன் இப்படி மனசைப் பிடித்துக்கொள்கிறான்?

மழைநாள்_வாசகன்:
ஃபேன்டாஸ்டிக் ஃபோர் என்ற மார்வெல் காமிக்ஸின் பழைய இதழ்களை வரிசையாகப் படித்து 51-ஆம் இதழுக்கு (1966) வந்திருக்கிறேன். முதல் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. பக்கம் முழுக்க ஒரே படம்தான்: விண்வெளியில் காஸ்மிக் கதிர் தாக்கிப் பாறை உடம்பாகிவிட்ட பென் கிரிம் கொட்டும் மழையில் தனியாக நிற்கிறான், செங்கல் செங்கலாய்ப் பிளந்த உடம்பில் தண்ணீர் வழிகிறது, கைகள் இரண்டும் சும்மா தொங்குகின்றன. சண்டை இல்லை, எதிரி இல்லை. ஹல்க்கும் அரக்கன்தான், அவனைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்ததே கிடையாது. இவனிடம் அப்படி என்ன இருக்கிறது? அந்தப் பாறை உடம்பை எதற்கான குறியீடாக எடுத்துக்கொள்வது, நோயா, ஊனமா, ஒதுக்கப்பட்ட நிறமா? எதுவும் முழுசாகப் பொருந்த மாட்டேன் என்கிறது.

கட்டம்கட்டமாய்:
ஹல்க்குக்குக் கோபம் தணிந்தால் உள்ளே இருக்கும் பேனர் என்ற மனிதர் திரும்பி வந்துவிடுவார். பென்னுக்கு அந்த வசதி இல்லை, எப்போதாவது மனித உருவம் வந்தாலும் நிலைக்காது. தெருவில் இறங்க வேண்டுமென்றால் நீளக் கோட்டு, தொப்பி, கறுப்புக் கண்ணாடி. கட்டைவிரலோடு சேர்த்தே நாலு விரல்தான், அதுவும் விமானம் ஓட்டிய கை! இன்னொன்றையும் கவனியுங்கள். 1961-இல் வந்த முதல் இதழில், காஸ்மிக் கதிர் ஆபத்து என்று ராக்கெட் கிளம்புவதற்கு முன்பே எச்சரித்தவன் அவன் ஒருவன்தான். நீ கோழையாக இருப்பாய் என்று நினைக்கவில்லை என நால்வரில் ஒருத்தியான சூ சொன்ன ஒரு சொல்லுக்காகத்தான் ராக்கெட்டில் ஏறினான். மற்ற மூவரும் மனித முகத்தோடு திரும்பினார்கள். அந்த ராக்கெட்டைக் கட்டிய குழுத் தலைவன் ரீடோடு ஒரே வீட்டில் இருக்கிறான், கத்துகிறான், பொருளை உடைக்கிறான், ஆபத்து என்றால் முதலில் போய் நிற்பதும் அவன்தான். எனக்கு அவனைப் பிடிப்பது இதனால்தான்.

களிமண்:
குறியீடு என்று கேட்டதால் சொல்கிறேன், பென்னை வரைந்த ஓவியர் ஜாக் கிர்பியிடமிருந்து தொடங்குங்கள். அவருடைய பிறப்புப் பெயர் ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க், 1917-இல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர், தெருச்சண்டை போட்டு வளர்ந்தவர். பென்னின் யான்சி தெரு அந்தப் பகுதியின் சாயல்தான், பென்னின் நடுப்பெயரும் ஜேக்கப். ஆனால் பென் யூதன் என்று கதைக்குள் வெளிப்படையாக வந்தது 2002-இல்தான். சின்ன வயதில் தான் திருடிய தாவீது நட்சத்திரப் பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க ஷேக்கர்பெர்க் என்ற கிழவரின் அடகுக்கடைக்கு வருகிறான். யூதன் என்பதை ஏன் மறைத்தாய், வெட்கமா என்று கிழவர் கேட்கிறார். யூதர்கள் எல்லாரும் என்னைப்போல அரக்கர்கள் என்று ஊர் நினைத்துவிடக் கூடாதே என்கிறான் இவன். அப்போது கிழவர் கோலெமை நினைவுபடுத்துகிறார். பிராக் நகரில் தன் மக்களைக் காக்க ஒரு ரப்பி, அதாவது யூத மதகுரு, களிமண்ணைப் பிசைந்து உயிர் கொடுத்ததாகப் பழங்கதை சொல்லும் உருவம் அது. அது அரக்கன் இல்லையப்பா, காவல் என்கிறார். முதல் இதழ்களில் பென்னின் தோல் குழைந்த மண் மாதிரியே இருக்கும், பாறைப் பாளங்கள் பின்னால் வந்தவை.

தடவிப்பார்:
களிமண் சொன்னது சரி, ஆனால் அவன் காதலி அலீசியாவை விட்டுவிட்டு பென்னைப் பற்றிப் பேச முடியாது. அவள் பார்வையில்லாத சிற்பி, மண்ணும் கல்லும் அவளுக்கு விரலால் தெரியும். அவள் முதலில் வரும் 8-ஆம் இதழில் (1962) ரீடின் மருந்தால் பென் கொஞ்ச நேரம் மனிதனாகிறான். அவள் அந்த முகத்தைத் தடவுகிறாள், அடையாளம் தெரியவில்லை. மருந்தின் வேகம் தீர்ந்து பாறை முகம் திரும்பிய பிறகுதான் அவளுக்கு நிம்மதி. பென்னின் மனதில் அது முள்ளாகவே தங்கிவிட்டது என்றுதான் நான் படிக்கிறேன். பல ஆண்டுகள் கழித்து ரீட் கண்டுபிடிப்பதும் இதைத்தான்: அலீசியாவுக்குப் பிடித்தது இந்தப் பாறையைத்தான், சாதாரண பென்னை அல்ல என்ற பயம் உள்ளுக்குள் இருப்பதால்தான் சிகிச்சை பலிக்கவில்லை. ஒதுக்கப்பட்டவனின் சோகம் என்று மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. 2018-இல் இருவருக்கும் யூத முறைப்படி கல்யாணம் நடந்தபோது மாப்பிள்ளை பாறையாகத்தான் நின்றான்.

மழைநாள்_வாசகன்:
8-ஆம் இதழை வில்லன் கதை என்று வேகமாகப் புரட்டிவிட்டேனே. இன்று ராத்திரி முதல் வேலை, அவள் முகத்தைத் தடவும் அந்தக் கட்டங்கள்தான். அப்புறம் மறுபடி அந்த மழைப் பக்கம்.