ஓட்டோமோவின் ‘அகிரா’: நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்க

ஜப்பானிய காமிக்ஸ் ஓவியர் கட்சுஹிரோ ஓட்டோமோ தன் ‘அகிரா’ காமிக்ஸைத் தானே இயக்கி 1988இல் வெளியிட்ட அனிமேஷன் படம். முழுக்க நொடிக்கு 24 ஓவியம் என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள், அது உண்மையில்லை. விஎல்சி வீடியோ பிளேயரில் ‘இ’ (E) விசையைத் தட்டினால் படம் ஃபிரேம் ஃபிரேமாக நகரும் (நொடிக்கு 24 ஃபிரேம்), எண்ணிப் பாருங்கள். வேகமான அசைவுகளில் ஃபிரேமுக்கு ஒரு புது ஓவியம் வரும். மற்ற பல இடங்களில் ஒரே ஓவியம் இரண்டு ஃபிரேம் நிற்கும், அதாவது நொடிக்கு 12. ஜப்பானிய டிவி தொடர்களில் பெரும்பாலும் 8தான் என்பதால் இதுவே பெரிய செலவு. கேமரா நகரும்போது பின்னணியும் நகர்ந்து ஏமாற்றும். கை, முகக் கோடுகளை மட்டும் எண்ணுங்கள்.

---

கூடவே ஒன்று: வீடியோ ஃபைல் நொடிக்கு 24 ஃபிரேமில் இருக்கணும். 30க்கு மாற்றிய பிரதியில் நடுநடுவே ஃபிரேம் இரட்டிக்கும், கணக்கு மொத்தமாகக் கெடும்.

வாயசைவையும் பாருங்க. ஜப்பானில் வழக்கமாகப் படம் வரைந்த பிறகுதான் குரல் கொடுப்பாங்க. திறந்த வாய், பாதி வாய், மூடிய வாய் என்று மூன்று ஓவியத்தில் வேலை முடியும். இங்கே குரலை முதலில் பதிவு செய்து, அதற்கேற்ப உதடுகளை வரைந்தாங்க. டப்பிங்கில் பார்த்தால் அந்த உழைப்பு வீண். ஜப்பானிய ஒலி, கீழே சப்டைட்டில், அவ்வளவுதான்.

---

புத்தகம் வாங்குறவங்களுக்கு: ‘அகிரா’ காமிக்ஸ் தொடர் ஜப்பானின் ‘யங் மேகசின்’ இதழில் 1982 முதல் 1990 வரை வந்தது; ஆறு தொகுதி, 2000 பக்கத்துக்கு மேல். படம் வந்தபோது கதை முடியவில்லை, அதனால் இரண்டின் முடிவும் வேறு. ஜப்பானிய காமிக்ஸை வலமிருந்து இடமாகப் படிப்பார்கள்; அமெரிக்காவின் எபிக் காமிக்ஸ் போட்ட வண்ணப் பதிப்பில் பக்கங்களைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்பிவிட்டார்கள். வலக்கைக்காரன் இடக்கைக்காரன் ஆகிவிடுவான்! வண்ணம் தீட்டிய ஸ்டீவ் ஒலிஃப் ஓட்டோமோவே தேர்ந்தெடுத்தவர், வேலை அருமை. ஆனாலும் கோடு பழக நினைப்பவர்களுக்குக் கறுப்பு வெள்ளைதான். 2017இல் கோடன்ஷா பதிப்பகம் ஆங்கிலத்தில் போட்ட கெட்டி அட்டைப் பெட்டித் தொகுப்பு வலமிருந்து இடம், ‘டமால்’ போன்ற ஒலிச் சொற்கள் மட்டும் ஜப்பானியத்திலேயே.

---

ஆறு தொகுதி மலைப்பாக இருந்தால் ஓட்டோமோவின் இன்னொரு காமிக்ஸ் ‘டோமு’ படிங்க. ஒரே புத்தகம், ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பு.

இயக்குநராக அவரைப் பார்க்க ‘ஸ்டீம்பாய்’ (2004) வேண்டாம். படம் பிரமாதம், கதை சவசவ. மூன்று குறும்படங்கள் சேர்ந்த ‘மெமரீஸ்’ (1995) படத்தில் அவர் இயக்கிய மூன்றாவது பகுதி ‘கேனன் ஃபாடர்’ போதும். வெட்டே இல்லாத ஒரே ஷாட் போல ஓடும். ஷாட்டுகளை ஒட்டிய இடம் எங்கே இருக்கும் என்று தேடுறவங்க, சுவரோ புகையோ குறுக்கே வரும் இடத்தில் நிறுத்துங்க.