பிறந்த தேதி டொரண்டோவில் மட்டும் ஒரு நாள் குறைகிறது

உறுப்பினர் பதிவுக்கான செயலி ஒன்றில் சிக்கல். பிறந்த தேதி 1990 மே 15 என்று பதிந்தால் சென்னையில் சரியாகத் தெரிகிறது. அதே பக்கத்தை டொரண்டோவில் திறந்தால் மே 14. போன மாதம் கனடாவிலிருந்து ஆட்கள் சேர்ந்த பிறகுதான் புகார் வர ஆரம்பித்தது.

முன்பக்கம் ரியாக்ட், பின்னால் நோட் 20, தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 15. சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடுகிறது. டேபிளில் அது வெறும் 'டேட்' வகை, நேரமே கிடையாது. அங்கே 15 என்றுதான் இருக்கிறது. ஆனால் போஸ்ட்கிரெஸிலிருந்து தரவை எடுத்துத் தரும் நோட்டின் பிஜி நூலகம் அதை நேரமும் சேர்ந்த டேட் ஆப்ஜெக்ட் ஆக்கிவிடுகிறது. முன்பக்கத்துக்கு ஜேசான் வடிவில் வரும்போது 00:00, கடைசியில் ஒரு இசட், அதாவது யூடிசி நேரம். அந்த நொடி சென்னையில் காலை 5:30, அதனால் தப்பிக்கிறது. டொரண்டோவில் முந்தைய நாள் இரவு 8 மணி.

முதலில் கெட்டைம்ஸோன்ஆஃப்செட் தரும் நிமிடங்களை (உள்ளூர் நேரத்துக்கும் யூடிசிக்கும் இப்போதுள்ள வித்தியாசம்) கூட்டிப் பார்த்தேன். மே மாதத்துக்குச் சரியானது. டிசம்பரில் பிறந்தவர்களுக்கு மறுபடி ஒரு நாள் குறைந்தது: இப்போது அங்கே கோடை நேரம், 240 நிமிடம், டிசம்பருக்கு 300 வேண்டும். மிச்சமிருந்த ஒரு மணி நேரம் இரவு 11 மணியில் கொண்டுபோய் நிறுத்தியது!

அப்புறம் தேதியைத் திரையில் காட்டும் டூலோக்கேல்டேட்ஸ்ட்ரிங்கில் டைம்ஸோனை யூடிசி என்று கொடுத்தேன். வேலை செய்கிறது. ஆனால் தேதி வரும் ஒவ்வொரு இடத்திலும் எழுத வேண்டும், மொபைல் செயலியிலும் தனியாக. ஒரு இடம் விட்டாலும் அதே கதைதான்.

நேரத்தோடு சேமித்த மற்ற காலங்கள் இப்போதுபோலவே டேட் ஆப்ஜெக்டாக வர வேண்டும். இந்த 'டேட்' வகையை மட்டும் பிஜி நூலகம் மாற்றாமல் வெறும் சரமாகத் தர எங்கே, எப்படிச் சொல்வது?