தோகாமாச்சி பக்கம் மலைக் கிராமத்தில் குடியேறலாமா? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்

நிஷிகசாய்வாசி:
வணக்கம். டோக்கியோவில் ஒன்பது வருஷம், அதுவும் நிஷிகசாயில். இங்கே நம்மாட்களோடு பேசியே காலத்தை ஓட்டிவிடலாம் என்பதால் என் ஜப்பானிய மொழி கடைக்குப் போய் வரும் அளவோடு நின்றுவிட்டது. மனைவி ஜப்பான்காரி. நீகாத்தா மலையில், தோகாமாச்சிக்குப் பக்கத்தில், அவளுடைய பாட்டி வீடு ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. எனக்கு வீட்டிலிருந்தே வேலை, அதனால் போய்விடலாம் என்கிறாள். நவம்பரில் பத்து நாள் தங்கிப் பார்த்தோம். மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தால் வாசலில் மண்ணோடு நான்கு முள்ளங்கி, யார் வைத்தது என்று ஒரு சீட்டுகூட இல்லை. மறுநாள் ஊர்த் தலைவர் வந்தார். குடிவந்தால் ஜிச்சிகாயில், அதாவது ஊர்ச் சங்கத்தில், சேர வேண்டும், "வேலைகள் இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். என்ன வேலைகள்? மொத்தமே பதினோரு வீடு, வெளிநாட்டுக்காரன் நான் ஒருத்தன். ஒதுக்கி வைப்பார்களா? அப்புறம், அந்த முள்ளங்கிக்கு என்ன திருப்பித் தருவது?

மண்வெட்டி:
நான் ஷிமானேயில் ஒரு கிராமத்தில் ஏழு வருஷமாக இருக்கிறேன். வேலை என்றால் நிஜமாகவே வேலைதான் தம்பி. நடவுக்கு முன்னால் வாய்க்கால் தூர்வாருவது, கோடையில் இரண்டு மூன்று தடவை ரோட்டோரப் புல் வெட்டுவது (குசாகாரி என்பார்கள், சொந்தமாகப் புல்வெட்டும் மெஷின் வாங்கியே ஆக வேண்டும்), கோயில் திருவிழாவுக்குப் பந்தல், குப்பை வைக்கும் கொட்டகையை முறைபோட்டுக் கழுவுவது. ஞாயிறு காலை எட்டு மணி என்று சொன்னால் ஏழே முக்காலுக்கே எல்லோரும் பாதி வேலையை முடித்திருப்பார்கள், முதல் தடவை நான் எட்டுக்குப் போய் அசடு வழிந்தேன். வராத வீடு பணம் கட்ட வேண்டும் என்று எங்கள் ஊரில் ஒரு விதி உண்டு. பணத்தைக் கட்டிவிட்டு வீட்டில் இருந்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அவர்கள் கணக்கில் வைப்பது ஆள் வந்தானா என்பதைத்தான். எண்பது வயதுப் பெரியவர் சரிவில் நின்று புல் வெட்டும்போது நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும், மொழி தானாக வரும்.

கைரன்பான் என்று ஒரு அட்டை வீடு வீடாகச் சுற்றும். அறிவிப்பைப் படித்து, முத்திரை போட்டு, அன்றைக்கே அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். மனைவி ஊரில் இல்லாதபோது நான்கு நாள் அதை மேஜையில் போட்டுவைத்து, எனக்கு அப்புறம் இருந்த வீடுகளுக்கெல்லாம் தடுப்பூசி முகாம் தேதி தெரியாமல் போனது என்னால்தான்.

முள்ளங்கிக்குப் பெரிதாக எதுவும் தராதீர்கள், அவர்கள் அதைவிடப் பெரிதாகத் திருப்பித் தர, அது முடியவே முடியாது. டோக்கியோ பிஸ்கட் ஒரு சின்ன டப்பா போதும்.

உள்ளூர்_வெளியூர்:
மேலே சொன்னதெல்லாம் சரி, மறுபக்கமும் கேளுங்கள். நான் ஆறு வருஷம் இருந்துவிட்டு நகரத்துக்குத் திரும்பியவன். முராஹாச்சிபு என்று பழைய வார்த்தை உண்டு. ஊர் உறவு பத்தில் தீ விபத்தும் சாவும் தவிர எட்டையும் அறுத்துவிடுவது. என்னை யாரும் அப்படிச் செய்யவில்லை, ஆனால் என் வண்டி நேற்று எத்தனை மணிக்கு வந்தது என்பது பக்கத்து வீட்டுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கடைசி நாள்வரை நான் "கைஜின்சான்"தான், அதாவது வெளிநாட்டுக்காரர். ஒஸாகாவிலிருந்து கல்யாணமாகி வந்த அம்மா ஒருவர் முப்பது வருஷமாகியும் வெளியூர்க்காரிதான் என்பதால் இதை நிறவெறி என்றும் சொல்லிவிட முடியவில்லை. 2023 கணக்கெடுப்பில் நாடு முழுக்கச் சுமார் 90 லட்சம் வீடு காலி, ஆள் வந்தால் போதும் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வந்த ஆள் மாற்று யோசனை சொன்னால் முகம் மாறும்.

பனிக்கரடி:
யாருமே பனியைப் பற்றிப் பேசவில்லையே! தோகாமாச்சியில் இரண்டு மீட்டர் பனி சாதாரணம். கூரைப் பனியைத் தள்ளாவிட்டால் பழைய வீடு தாங்காது, தள்ளப்போய் விழுந்து சாகிறவர்கள் ஒவ்வொரு குளிர்காலமும் செய்தியில் வருகிறார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். கயிறு கட்டாமல், தனியாக ஏறவே ஏறாதீர்கள். அந்தப் பழைய வீடுகளில் குளிரைத் தடுக்க எதுவும் இருக்காது, மண்ணெண்ணெய் ஹீட்டர்தான் கதி. பாட்டி எத்தனை லிட்டர் எரித்தார் என்று இப்போதே கேட்டு வையுங்கள். கார் இல்லாமல் முடியாது. இந்திய லைசென்ஸை மாற்றுவதும் 2025 அக்டோபரிலிருந்து கடினம், எழுத்துத் தேர்வில் 10 கேள்வி இருந்த இடத்தில் இப்போது 50. அதை முடித்துவிட்டு மூட்டை கட்டுங்கள்.

நிஷிகசாய்வாசி:
எல்லோருக்கும் நன்றி. லைசென்ஸ் விஷயம் எனக்குத் தெரியாது, இன்றைக்கே பார்க்கிறேன். பிப்ரவரியில் இரண்டு வாரம் போய்த் தங்கிவிட்டு முடிவெடுப்பதாகப் பேசியிருக்கிறோம், மாமியார் "அப்போது போனால்தான் புத்தி வரும்" என்கிறார். முள்ளங்கி வைத்தது எதிர்வீட்டுப் பாட்டியாம். எங்கள் பாட்டி இருந்தவரை வாராவாரம் வைப்பாராம், விளக்கு எரிவதைப் பார்த்ததும் பழக்கத்தில் வைத்துவிட்டிருக்கிறார். நான்கில் இரண்டு சாம்பாராகிவிட்டது.