பிரெஸ்ட்விக்கா, ராயல் ட்ரூனா? அப்பாவுடன் ஆட ஒரே ஒரு நாள்

லிங்க்ஸ்_புதியவன் கேட்டது:

வணக்கம். ஜூன் மாதம் அப்பாவும் நானும் கோல்ஃப் ஆட ஸ்காட்லாந்து போகிறோம். கிளாஸ்கோவில் தங்குகிறோம். அயர்ஷயர் கடற்கரைக்கு என்று ஒதுக்க முடிந்தது ஒரே நாள்தான். கையில் இருக்கும் பணமும் ஒரு மைதானத்துக்குத்தான் காணும். பிரெஸ்ட்விக், ராயல் ட்ரூன் இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. எதைப் பதிவு செய்வது என்று முடிவெடுக்க முடியாமல் நாளைக் கடத்திக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவுக்கு வயது 68. நடையில் குறை இல்லை, பதினெட்டு ஹோலும் நடந்துவிடுவார். ஆனால் டிரைவரில் (நீள அடிக்கான கம்பு) அடித்தால் 160 கெஜம்தான். பந்து தாழ்வாகக் கிளம்பி, தரையில் விழுந்து உருண்டு ஓடும். நேராகப் போகும் என்பதால் ஹேண்டிகேப் (ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் சலுகை அடிகள்; குறைவு என்றால் திறமை அதிகம்) 18-இல் நிற்கிறது. எனக்கு 14. இருவருமே இதுவரை கடலோர மணல்வெளியில் ஆடியதில்லை.

ட்ரூனில் நடந்த 2016 ஓப்பன் (பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃப் போட்டி) கடைசி நாள் ஆட்டத்தை அப்பா டிவியில் முழுவதும் பார்த்தவர். ஸ்டென்சன் 63 அடியில் சுற்றை முடித்து மிக்கெல்சனை முந்தியதை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார். அதனால் அவர் மனசு ட்ரூன் பக்கம். அங்கே திரும்பி வரும் ஒன்பது ஹோலும் எதிர்காற்றில் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத்தான் பயம். பாதியிலேயே அவர் சோர்ந்துவிட்டால் போன நோக்கமே கெட்டுவிடும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மேற்குக்காற்று எழுதியது:

தம்பி, ஒரே நாள் என்றால் நான் பிரெஸ்ட்விக் என்றுதான் சொல்வேன். தயங்காமல் சொல்வேன்.

ஓப்பன் பிறந்த மண் அது. 1860-இல் எட்டே பேர் ஆடிய முதல் போட்டி அங்கேதான் நடந்தது. அப்போது மைதானத்தில் 12 ஹோல்தான்; ஒரே நாளில் மூன்று சுற்று ஆடி 36 ஹோல் முடித்தார்கள். மொத்தம் 24 ஓப்பன் நடந்திருக்கிறது. 1925-இல் கூட்டம் கட்டுக்கடங்காமல் போனது, அதோடு சரி, பிறகு போட்டி அங்கே திரும்பவே இல்லை. கிளப் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு கற்குவியல் நினைவுச்சின்னம் இருக்கிறது. பழைய முதல் டீ (ஹோலின் முதல் அடி அடிக்கும் இடம்) இருந்த இடம் அது. அங்கிருந்து இன்றைய 16-ஆவது கிரீன் (குழி இருக்கும் வழவழப்பான புல்தரை) வரை 578 கெஜம், அதுதான் அன்றைய முதல் ஹோல். 1870-இல் இளைய டாம் மாரிஸ் அதை மூன்றே அடியில் முடித்தார். ஹிக்கரி மரக் கம்பு, ரப்பர்ப்பால் பந்து! அங்கே நின்று 578 கெஜத்தையும் கண்ணால் அளந்து பாருங்கள், மலைப்பு தெரியும்.

ஆட்டத்துக்கு வருவோம். அப்பாவின் பந்து தரையில் ஓடுகிற பந்து. அந்த மண்ணுக்கு அதுதான் பொருத்தம். புல் குட்டை, அடியில் மணல், தரை இறுக்கம். விழுந்த இடத்திலிருந்து முப்பது, நாற்பது கெஜம் உருண்டு போவதெல்லாம் சாதாரணம். முதல் ஹோலில் வலப்பக்கம் முழுக்க ரயில் பாதைச் சுவர். நீளமாக அடிப்பவன்தான் அங்கே நடுங்குவான். நேராக 160 கெஜம் அடிப்பவருக்கு ஒரு கவலையும் இல்லை. நாலு அடியில் முடிக்க வேண்டிய ஹோல்களில் (பார் 4) கடைசி ஹோல்தான் ரொம்பக் குட்டை. அப்பா சிரித்த முகத்தோடு முடிப்பார்.

அயன்_ஏழு எழுதியது:

அண்ணன் சொன்ன வரலாற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தாழ்வான பந்துக்குப் பிரெஸ்ட்விக் பொருத்தம் என்பதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஐந்தாவது ஹோலுக்குப் பெயர் ஹிமாலயாஸ். மூன்று அடியில் முடிக்க வேண்டிய ஹோல், டீக்கு எதிரே பெரிய மணல்மேடு நிற்கிறது. கொடி கண்ணில் படாது. மேட்டின் மேல் வண்ண வட்டுகள் நட்டிருக்கிறார்கள்; எந்த டீயிலிருந்து ஆடுகிறோமோ அந்த நிற வட்டைக் குறிவைத்து, மேட்டுக்கு மேலே தூக்கி அடிக்க வேண்டும். தாழப் போகும் பந்து மேட்டு நெற்றியில் போய்க் குத்தும். 17-ஆவது ஆல்ப்ஸ் அதைவிட மோசம். இரண்டாவது அடி குன்றைத் தாண்டியாக வேண்டும், தாண்டிய உடனே கிரீனுக்கு முன்னால் சஹாரா என்று ஒரு பெரிய பங்கர் (மணல் குழி). மூன்றாவதில் கார்டினல் பங்கர் இருக்கிறது, ரயில் கட்டைகளை அடுக்கிச் சுவர் எழுப்பியது. உயரம் எடுக்காத பந்து கட்டையில் மோதித் திரும்பி வரும்.

ட்ரூனில் இந்தக் கண்ணாமூச்சி குறைவு. முன் ஒன்பது கடலை ஒட்டித் தெற்கே போகிறது, வழக்கமான வடமேற்குக் காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும். அப்பாவின் 160 கெஜம் அங்கே 190 ஆகிவிடலாம். எதிர்காற்றின் கஷ்டம் பத்தாவதுக்குப் பிறகுதான், அதை நான் மறைக்கவில்லை.

இன்னொன்று. அவர் ஆசைப்படுவது ட்ரூன். எட்டாவது ஹோல் டீயில் ஒருமுறை நிற்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு நிச்சயம் இருக்கும். ஓப்பன் நடக்கும் மைதானங்களிலேயே மிகக் குட்டையான ஹோல் அது, 123 கெஜம். 1973-இல் ஜீன் சராசென் 71 வயதில் அங்கே ஒரே அடியில் குழிக்குள் போட்டார். உங்கள் அப்பாவைவிட மூன்று வயது மூத்தவர்!

லிங்க்ஸ்_புதியவன்:

இருவருக்கும் நன்றி. ஹிமாலயாஸ் விஷயம் எனக்குத் தெரியாது. அண்ணா, அந்த மாதிரி ஹோலில் அப்பா என்ன செய்வார்? ட்ரூனில் எதிர்காற்றுக்கு ஏதாவது வழி உண்டா?

மேற்குக்காற்று:

அயன்_ஏழு சொன்னது நியாயம்தான், ஆனால் பெரிதுபடுத்த வேண்டாம். ஹிமாலயாஸில் முன் டீக்குப் போய்விடுங்கள். அங்கிருந்தும் ஏறாது என்று தோன்றினால் மேட்டடிவாரத்துக்குச் சின்ன அடி, அப்புறம் வெட்ஜை (பந்தை உயரத் தூக்கும் கம்பு) எடுத்துத் தலைக்கு மேலே ஒரு தூக்கு. நாலில் முடித்தால் அவமானம் இல்லை, அவருக்கு ஹேண்டிகேப் அடி வேறு இருக்கிறது. கிரீனை விட்டுப் போகும்போது மணி அடிக்க மறக்காதீர்கள். பின்னால் வருபவர்களுக்கு அதுதான் சைகை. கார்டினலைத் தாண்ட முயலவே வேண்டாம். முன்னால் நிறுத்தி, அடுத்த அடியில் தாண்டினால் போதும்.

ட்ரூனில் பெரிய ஆபத்து 11-ஆவது. ரயில் பாதை வலப்புறம், முள் புதர்களுக்கு நடுவே ஃபேர்வே (குட்டைப் புல் பாதை). அங்கிருந்து கிளப்புக்குத் திரும்பும் வரை காற்று முகத்தில். 2024 ஓப்பனில் மைதானத்தின் மொத்த நீளம் 7,385 கெஜம். அந்த டீ பக்கமே எட்டிப் பார்க்காதீர்கள். பார்வையாளர் டீயிலும் முன்னால் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

கேடிப்பை எழுதியது:

எந்த மைதானம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். முன்னேற்பாடு பற்றி மட்டும் சொல்கிறேன், பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

ட்ரூனில் வெளியாட்களை எல்லா நாளும் விடமாட்டார்கள். ஜூன் என்றால் மாதக்கணக்கில் முன்னாலேயே எழுதிக் கேட்க வேண்டும். இருவருடைய ஹேண்டிகேப் சான்றிதழையும் கையோடு எடுத்துப் போங்கள். வண்டி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் போகாதீர்கள். இரண்டுமே நடந்து ஆடும் மைதானங்கள். கேடி (கம்புப் பையைத் தூக்கி வரும் உதவியாளர்) ஒருவரைக் கேட்டு வையுங்கள். முதல்முறை போகிறவர்களுக்குக் காற்றையும் கிரீன் சரிவையும் படித்துச் சொல்ல ஆள் இருந்தால் அந்த நாளே வேறு மாதிரி இருக்கும். அந்தச் செலவில் மட்டும் கை இறுக்காதீர்கள்.

கிளாஸ்கோ சென்ட்ரலில் அயர் போகும் ரயிலைப் பிடித்தால் இரண்டு ஊரிலும் நிற்கும். ட்ரூன் ஸ்டேஷனிலிருந்து கிளப் நடக்கும் தூரம்தான். பிரெஸ்ட்விக் டவுனில் ஸ்டேஷனும் முதல் டீயும் பக்கத்துப் பக்கத்தில். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

லிங்க்ஸ்_புதியவன்:

எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கற்குவியல் கதையைக் கேட்டுக் கண் விரிந்தது. ஆனால் கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்: "சராசென் 71-இல் போட்டாரா?" ட்ரூன் என்று முடிவாகிவிட்டது. அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மேற்குக்காற்று:

இதில் கோபம் என்ன தம்பி. ஆடப்போவது அவர். முடிவு நல்ல முடிவு. ஆனால் நான் சொல்கிறபடி ஆடுங்கள்.

முன் ஒன்பதில் ஆளுக்கொரு பந்து. காற்று பின்னால் இருக்கும், அவர் நன்றாகவே ஆடுவார். பத்தாவதிலிருந்து ஃபோர்சம்ஸ் மாதிரி இருவருக்கும் ஒரே பந்து, மாற்றி மாற்றி அடியுங்கள். ஸ்காட்லாந்தில் அது காலங்காலமாக உள்ள ஆட்டம், யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். நீங்கள் இரட்டைப்படை ஹோல்களில் டீ அடியுங்கள், 11-ஆவது மட்டும் விதிவிலக்கு, அதையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்காற்றில் நீள அடி உங்கள் பொறுப்பு. பந்தைத் தரையில் ஓட்டி விடுவதும் பட்டிங்கும் (கிரீனில் குழிக்குள் உருட்டுவது) பெரும்பாலும் அவர் கைக்கு வரும். அவருக்கு அதுதானே பலம். பாதி அடிதான் என்பதால் சோர்வும் தட்டாது.

எட்டாவதில் மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். டீ உயரத்தில், கிரீன் எதிரே மணல்மேட்டை ஒட்டிக் குறுகலாக, சுற்றி ஐந்து பங்கர். இடப்பக்கத்து பங்கருக்கு சவப்பெட்டி என்றே பெயர். 1950-இல் ஒரு ஜெர்மன் அமெச்சூர் ஆட்டக்காரருக்கு அந்த ஹோல் 15 அடி எடுத்தது. பந்து பங்கருக்குள் போனால் கொடியைப் பார்க்காமல், வெளியே வர எந்தப் பக்கம் சுலபமோ அந்தப் பக்கம் அடிக்கச் சொல்லுங்கள், பின்பக்கமாக இருந்தாலும் சரி. எந்தக் கம்பு என்பதைக் கேடியிடம் விட்டுவிடுங்கள். அன்றைய காற்றைப் பொறுத்து வெட்ஜ் முதல் ஃபைவ் அயன் வரை எதுவும் வரலாம்.

ஆட்டம் மதியத்துக்குள் முடிந்தால் அங்கிருந்தே தெற்கே போகும் ரயிலில் ஏறுங்கள். விமான நிலைய ஸ்டேஷனை விட்டு அடுத்தது பிரெஸ்ட்விக் டவுன். கற்குவியலைப் பார்க்கக் கட்டணம் இல்லை.

அயன்_ஏழு:

அந்த ஃபோர்சம்ஸ் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை அண்ணா. புதியவரே, நாளையே கிளப்புக்கு எழுதிப் போடுங்கள், இரண்டு மூன்று மாற்றுத் தேதியும் சேர்த்து.