கூப்பன் வைத்து மளிகைச் செலவைக் குறைக்க முடியுமா? எங்கே தொடங்குவது?

காயத்ரி_பிஸ்காட்டவே:
எல்லோருக்கும் வணக்கம். ஜூன் மாதம்தான் கோவையிலிருந்து நியூ ஜெர்சி வந்து சேர்ந்தோம். வீட்டுக்காரர் ஒருவர் சம்பளம்தான். எனக்கு அவருடைய வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசா, வேலைக்குப் போக முடியாது. பையனுக்கு இரண்டு வயது. போன மாதம் மளிகை, டயப்பர், சோப்பு சாமான் எல்லாம் கூட்டிப் பார்த்தால் 840 டாலர். வாடகைக்கு அடுத்தபடி இதுதான் பெரிய செலவு. பக்கத்து வீட்டு அம்மா தபாலில் வந்த தள்ளுபடிக் கூப்பன் தாள்களைக் கொடுத்து, "வெட்டி வைத்துக்கொள், உதவும்" என்றார். இரண்டு வாரமாக மேசையில் கிடக்கிறது. எதை வெட்டுவது, எந்தக் கடையில் கொடுப்பது என்றே புரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மீனா_எடிசன்:
காயத்ரி, நான் பன்னிரண்டு வருடமாகக் கூப்பன் பயன்படுத்துகிறேன். அந்தத் தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்கு ஓடவும் வேண்டாம்.

முதலில் மேல் விளிம்பைப் பாருங்கள். 'மேனுஃபேக்சரர் கூப்பன்' என்று இருந்தால் அது சோப்பு, பற்பசை செய்யும் கம்பெனி கொடுத்தது. கூப்பன் ஏற்கும் எந்தக் கடையிலும் செல்லும், கடைக்குக் கம்பெனி அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். கடையின் பெயரில் இருந்தால் அந்தக் கடைக்கு மட்டும். ஒரே பொருளுக்குக் கம்பெனி கூப்பன் ஒன்று, கடைக் கூப்பன் ஒன்று என்று சேர்த்துப் போட டார்கெட் மாதிரி சில கடைகளில் விடுவார்கள். கம்பெனி கூப்பன் இரண்டை ஒரே பொருளுக்குப் போட முடியாது.

அடுத்தது காத்திருப்பது. இதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். துணி துவைக்கும் டிடர்ஜென்ட் ஒன்றின் சாதாரண விலை 12.99. கையில் 3 டாலர் கூப்பன். அன்றே போனால் 9.99. நான் கூப்பனை எடுத்து வைத்தேன். மூன்றாவது வாரம் அதே டப்பா சேலில் 8.99-க்கு வந்தது. கூப்பன் போக 5.99. கூப்பனில் காலாவதித் தேதி இருக்கும், அதற்குள் சேல் வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இதற்கு ஒரு நோட்டுப் போடுங்கள். நீங்கள் மாதாமாதம் கட்டாயம் வாங்கும் பத்துப் பொருள், ஒவ்வொன்றுக்கும் இதுவரை பார்த்த குறைந்த விலை, பார்த்த தேதி. என் நோட்டுப்படி பெரும்பாலான சாமான் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஒருமுறை இறங்கிவிடுகிறது. ஒரே கடை, ஒரே ஆப் என்று தொடங்குங்கள். நம் பக்கம் ஷாப்ரைட் இருக்கிறது. ஜனவரியில் அங்கே 'கேன் கேன் சேல்' நடக்கும், 1971-லிருந்து நடத்துகிறார்கள். கொண்டைக்கடலை டப்பா, தக்காளி டப்பா எல்லாம் நான் அப்போதுதான் வாங்கி அடுக்குவேன்.

குமரன்_டாலஸ்:
மீனா அக்கா சொல்லும் கணக்கு சரி. ஆனால் புதிதாக வந்த ஒருவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

நானும் மனைவியும் எட்டு மாதம் முழுமூச்சாக இறங்கினோம். கடைசியில் அலமாரியைத் திறந்தால் கடுகு சாஸ் பதினொரு பாட்டில், சாலட் டிரெஸ்ஸிங் ஒன்பது, எங்கள் வீட்டில் யாருமே குடிக்காத ஒரு பானம் இரண்டு பெட்டி. எல்லாமே பாதி விலைக்கும் கீழே வாங்கியதுதான். தேதி முடிந்து குப்பையில் போட்டோம். அன்றைக்கு ரொம்ப வேதனையாக இருந்தது.

நம் வீட்டில் என்ன சாப்பிடுகிறோம்? அரிசி, பருப்பு, காய்கறி, பால், தயிர், முட்டை. பருப்புக்கு யார் கூப்பன் அடிக்கிறார்கள்? 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு பெரிய கடைச் சங்கிலிகளின் இணையக் கூப்பன்களை ஆயிரத்துக்கு மேல் எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். நான்கில் ஒன்று நொறுக்குத்தீனி, மிட்டாய், இனிப்பு வகை. காய்கறிக்கு 3 சதவீதம். பழத்துக்கு 1 சதவீதம்கூட இல்லை. கூப்பன் பிறந்ததே அதற்குத்தான். 1880களின் கடைசியில் அட்லாண்டாவில் கோகோ கோலாவுக்கு 'ஒரு கிளாஸ் இலவசம்' என்று சீட்டுக் கொடுத்தார்கள், ஜனங்களைக் குடித்துப் பழக வைக்க. இன்றும் வேலை அதேதான்.

ஒரு கணக்கு மட்டும் பாருங்கள் காயத்ரி. காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் சீரியல், பிராண்ட் பெயர் உள்ள 10.8 அவுன்ஸ் பெட்டி, சேலும் கூப்பனும் போக 2 டாலருக்குக் கிடைத்தது. அவுன்ஸுக்கு 18.5 சென்ட். அதே வரிசையில் கடையின் சொந்த பிராண்ட், 18 அவுன்ஸ், 2.69. அவுன்ஸுக்கு 15 சென்ட்டுக்கும் கொஞ்சம் கீழே. கத்தரிக்கோலே தேவையில்லை. ஆல்டி என்ற மலிவு விலைக் கடையில் கம்பெனி கூப்பனை வாங்குவதே கிடையாது, ஆனாலும் எங்கள் பில் அங்கேதான் குறைகிறது. உங்கள் பக்கமும் ஆல்டி இருக்கிறது. பருப்பு, அரிசி, மசாலாவுக்கு ஓக் ட்ரீ ரோட்டில் இத்தனை இந்தியக் கடை. இந்த இரண்டு போதும்.

மீனா_எடிசன்:
குமரன் தம்பி, சீரியல் கணக்கில் நீங்கள் ஜெயித்தீர்கள். நானும் சீரியலுக்குக் கூப்பன் போடுவதை நிறுத்தி வருடங்களாகிறது. நியூ ஜெர்சியில் ஒரு பவுண்டுக்கு, ஒரு குவார்ட்டுக்கு என்ன விலை என்று ஷெல்ஃப் அட்டையிலேயே போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. காயத்ரி, அந்தச் சின்ன எழுத்தைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

ஆனால் கடுகு சாஸ் பதினொரு பாட்டில் வாங்கியது கூப்பனின் குற்றம் இல்லை தம்பி. நோட்டில் இல்லாத பொருளை வாங்கியதுதான் தவறு. 840 டாலரில் டயப்பர், வைப்ஸ், டிடர்ஜென்ட், ஷாம்பு, பற்பசை, பாத்திர சோப்பு எவ்வளவு என்று காயத்ரி பிரித்துப் பார்க்கட்டும். 150-க்குக் குறையாது என்று நினைக்கிறேன். கூப்பன் நிறைய வருவதும் இவற்றுக்குத்தான். சாப்பாட்டுக்கு ஆல்டி, சோப்பு சாமானுக்குக் கூப்பன் என்று ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது?

குமரன்_டாலஸ்:
வைத்துக்கொள்ளலாம். ஆனால் நேரம்? வாரம் நான்கு மணி நேரம் போட்டு 20 டாலர் மிச்சம் என்றால் மணிக்கு 5 டாலர். அந்த நேரத்தில் ஏதாவது படிக்கலாம், நாளைக்கு வேலைக்கு உதவும். வீட்டில் இருக்கிறார் என்பதால் காயத்ரியின் நேரத்துக்கு விலை இல்லை என்று ஆகிவிடக் கூடாது. நான் எதிர்ப்பது முக்கியமாக இதற்காகத்தான்.

மீனா_எடிசன்:
இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

நானும் எச்-4-இல் வந்தவள். 2015-ல் எச்-4 காரர்கள் சிலருக்கு வேலை அனுமதி தரத் தொடங்கினார்கள். கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் அதுவும். எனக்குக் கிடைக்க 2017 ஆனது. அதுவரை ஐந்து வருடம் இந்த நாட்டில் என் பேரில் ஒரு டாலர் சம்பாத்தியம் கிடையாது. ஊரில் வங்கியில் வேலை பார்த்தவள் நான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்றபோது பணம் அனுப்ப அவரிடம் கேட்க வேண்டியிருந்தது. அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் கேட்பதற்கு முன் எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

அதற்கப்புறம்தான் கூப்பனில் இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பன் தாளோடு வரும் ஸ்டார்-லெட்ஜர் பேப்பர் வாங்கி, குழந்தை தூங்கும் நேரத்தில் வெட்டுவேன். ஒவ்வொரு பில்லிலும் அடியில் 'நீங்கள் சேமித்தது' என்று ஒரு தொகை வரும் அல்லவா, அதை நான் நம்பவில்லை. என் நோட்டில் இருந்த குறைந்த விலைக்கும் நான் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் தனிக் கணக்கில் போட்டேன். முதல் வருடம் 611 டாலர். அம்மாவின் இன்னொரு கண்ணுக்கு அந்தப் பணம்தான் போனது.

மணிக்கு 5 டாலர் என்கிறீர்கள். எனக்கு அப்போது மணிக்கு 5 டாலர் கொடுக்க வேறு யாரும் இல்லை தம்பி.

குமரன்_டாலஸ்:
அக்கா, நான் இந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. மன்னியுங்கள். காயத்ரி படிப்பதற்கும் நேரம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செல்வி_ஷார்லட்:
நடுவில் வருகிறேன். ஸ்டார்-லெட்ஜர் 2025 பிப்ரவரியோடு அச்சை நிறுத்திவிட்டது, ஆன்லைனில் மட்டும்தான். பேப்பர் கூப்பன் எங்கள் பக்கமும் மெலிந்துகொண்டே போகிறது. இப்போது எல்லாம் ஃபோனில்தான். கடை ஆப்பில் கூப்பனைத் தட்டிச் சேர்த்தால்தான் விலை இறங்கும். எனக்குக் கோபமே இதில்தான்.

மாமனார் ஆறு மாதம் வந்து தங்கியிருந்தார். நடந்து போய் ஏதாவது வாங்கி வருவது அவருக்குப் பிடிக்கும். ஒரு கடையில் திராட்சைக்குப் பெரிய மஞ்சள் அட்டையில் 1.99 என்று பார்த்து எடுத்திருக்கிறார். பில்லில் 4.49. அட்டையின் அடியில் பொடி எழுத்தில் 'டிஜிட்டல் கூப்பனுடன்' என்று இருந்திருக்கிறது. இரண்டு பவுண்டுக்கு 5 டாலர் கூடுதல். வீட்டுக்கு வந்து பில்லை என்னிடம் நீட்டி, "நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்மா" என்றார். தப்பு அவருடையதா?

2025-ல் சான் டியாகோ நகர மன்றம், டிஜிட்டல் சலுகை தரும் மளிகைக் கடைகள் அதே சலுகையைக் காகிதத்திலும் தர வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. எல்லா ஊரிலும் வர வேண்டும். அதுவரை காயத்ரி, மஞ்சள் அட்டையைப் பார்த்தால் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆப் வேலை செய்யவில்லை என்றால் கஸ்டமர் சர்வீஸ் மேசையில் கேளுங்கள். பல கடைகளில் அங்கேயே விலையைக் குறைத்துத் தருவார்கள்.

குமரன்_டாலஸ்:
செல்வி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆப்புக்கு நாம் எதை, எப்போது, எவ்வளவு வாங்குகிறோம் என்பது முழுக்கத் தெரியும். தள்ளுபடிக்குப் பதிலாக நாம் கொடுக்கும் விலை அது.

ரவி_பிலடெல்ஃபியா:
மாணவனாக இருந்தபோது கேம்பஸ் பக்கத்தில் இரண்டு வருடம் கேஷியராக இருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து சில விஷயம்.

கூப்பனில் 'ஒரு பர்ச்சேஸுக்கு ஒன்று' என்றால் ஒரு பொருளுக்கு ஒன்று என்று அர்த்தம். நான்கு ஷாம்பு வாங்கினால் நான்கு கூப்பன் தரலாம். 'ஒரு டிரான்சாக்ஷனுக்கு ஒன்று' என்றால்தான் பில்லுக்கு ஒன்று. இது தெரியாமல் கேஷியரும் வாடிக்கையாளரும் மல்லுக்கட்டுவதைத் தினமும் பார்த்திருக்கிறேன். கூப்பனில் படத்தைப் பார்க்காமல் எழுத்தைப் படியுங்கள். படத்தில் விலை கூடியதைத்தான் போடுவார்கள், எழுத்தில் 'எந்த வகையும்' என்று இருக்கும். சனி, ஞாயிறு மாலை வேண்டாம். செவ்வாய், புதன் காலையில் போனால் கேஷியருக்கும் நின்று பார்க்கப் பொறுமை இருக்கும். சேல் பொருள் தீர்ந்துவிட்டால் 'ரெயின் செக்' கேளுங்கள். சரக்கு வந்தபின் அதே சேல் விலைக்குத் தருவதாக எழுதித் தரும் சீட்டு.

அப்புறம் முக்கியமாக ஒன்று. யாராவது வாட்ஸ்அப்பில் '50 டாலர் கூப்பன், பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்பினால் தொடாதீர்கள். கூப்பனை ஜெராக்ஸ் எடுப்பதும் கூடாது. வர்ஜீனியா பீச்சில் ஒரு பெண் வீட்டிலேயே போலிக் கூப்பன் தயாரித்து விற்று, 3 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் ஏற்படுத்தியதாக 2021-ல் 12 வருட சிறைத் தண்டனை வாங்கினார். விசாவில் இருக்கும் நமக்கு இந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாது.

காயத்ரி_பிஸ்காட்டவே:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

மீனா அக்கா சொன்ன மாதிரி பில்களைப் பிரித்தேன். டயப்பர், சோப்பு சாமான் மட்டும் 187 டாலர். அதுதான் பெரிய ஆச்சரியம். நோட்டுப் போட்டிருக்கிறேன், பத்துப் பொருள். இதுவரை நான்கு கூப்பன்தான் பயன்படுத்தினேன்: டயப்பர் இரண்டு பேக், டிடர்ஜென்ட், பற்பசை. அக்கா கணக்குப்படி பார்த்தால் மிச்சம் 14 டாலர் 50 சென்ட். குமரன் அண்ணா சொன்னபடி சீரியலும் ஓட்ஸும் கடை பிராண்டுக்கு மாற்றினேன், அதில் மாதம் 9 டாலர் குறையும் போல. பையனுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

ஒரு சந்தேகம். டிடர்ஜென்ட் 8.99, கூப்பன் 3 டாலர். 5.99-க்கு 40 சென்ட் வரி வரும் என்று நினைத்தேன். 60 சென்ட் போட்டிருக்கிறார்கள். கேஷியர் தவறாகப் போட்டுவிட்டாரா?

மீனா_எடிசன்:
தவறு இல்லை காயத்ரி. கம்பெனி கூப்பன் என்றால் அந்த 3 டாலர் கடைக்கு வந்துவிடுகிறது, அதனால் முழு 8.99-க்கும் 6.625 சதவீத வரி. கடையின் சொந்தக் கூப்பனாக இருந்தால் குறைந்த விலைக்குத்தான் வரி. சாப்பாட்டுச் சாமானுக்குப் பெரும்பாலும் வரி இல்லை என்பதால் சோப்பில்தான் இது கண்ணில் படும். பில்லை இவ்வளவு உற்றுப் பார்த்தீர்களே, எனக்கு ரொம்பச் சந்தோஷம். அந்த 14.50-ஐத் தனியாக எடுத்து வைத்தீர்களா?

காயத்ரி_பிஸ்காட்டவே:
வைத்துவிட்டேன் அக்கா. அரிசி டப்பாவுக்குப் பின்னால், ஒரு கவரில். அண்ணா, நூலகத்தில் இலவச கம்ப்யூட்டர் வகுப்பு இருக்கிறதாம், வியாழக்கிழமைக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.