பீக்கன் தேடலில் கடைசி மூன்று மீட்டரில் தடுமாறுகிறேன் – கருவியா, கையா?

வாசு_கல்கரி:
வணக்கம். நாங்கள் மூன்று நண்பர்கள். 2020 ஜனவரியில் ஏஎஸ்டி 1 என்ற அடிப்படைப் பனிச்சரிவுப் பயிற்சி முடித்து, இரண்டு குளிர்காலம் ஸ்கீ டூரிங் (ஸ்கீயில் மலையேறி இறங்குவது) போனோம். அப்புறம் குழந்தை பிறந்தது, மலைப்பக்கமே போகவில்லை. பிப்ரவரி கடைசியில் ராக்கீஸ் மலையில் உள்ள பௌ சம்மிட் போகலாம் என்று இப்போது பேச்சு.

போன சனிக்கிழமை ஒத்திகை பார்த்தோம். வாகன நிறுத்தத்தை ஒட்டிக் குவிந்திருந்த பனியில், எனக்குத் தெரியாமல் நண்பன் ஒரு பீக்கனைப் (பனிச்சரிவில் புதைந்தால் கண்டுபிடிக்க ஒவ்வொருவரும் அணியும், சிக்னல் அனுப்பவும் பிடிக்கவும் செய்யும் கருவி) பைக்குள் போட்டு ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்துவிட்டான். பீக்கன் காட்டும் தூரம் 38 மீட்டராக இருக்கும்போது சிக்னல் கிடைத்து, 5 வரை சரியாகவே வந்தேன். அங்கிருந்துதான் குழப்பம்: 3.2, 2.1, 2.9, 1.8, 3.4. அம்பும் ஒரு பக்கம் நிற்கவில்லை. புரோப் (பனியில் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி) பையில் இடிக்கும்போது 9 நிமிடம், தோண்டி எடுக்கும்போது 16. பையை வெளியே எடுத்தபோது மூவருமே பேசவில்லை. அது அவனாக இருந்திருந்தால் என்றுதான் எனக்கு ஓடியது.

பீக்கனுக்கு 9 வயது. கோளாறு அதிலா, என்னிடமா? ஏஎஸ்டி 1-ஐ முழுவதும் திரும்பப் படிக்க வேண்டுமா?

பனிமலை_குமரன்:
மூன்று கேள்வி. போன் எங்கே இருந்தது? என்ன பேட்டரி? 3 மீட்டருக்குள் வந்தபிறகும் அம்பைப் பார்த்துத் திரும்பினீர்களா?

வாசு_கல்கரி:
போன் ஜாக்கெட்டின் நெஞ்சுப் பையில், ஆன் நிலையில். பேட்டரி ரீசார்ஜ் வகை, 90% காட்டியது. ஆமாம், அம்பு காட்டிய பக்கமெல்லாம் திரும்பினேன்.

ரெவல்ஸ்டோக்_நந்தினி:
தம்பி, மூன்றுமே தப்பு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தேடும்போது போன், வாட்ச், சூடேறும் கையுறை எதுவும் பீக்கனுக்கு 50 செ.மீ.க்குள் இருக்கக் கூடாது. அணிந்து நடக்கும்போது குறைந்தது 20 செ.மீ. பீக்கன் பேசுவது 457 கிலோஹெர்ட்ஸில், மெல்லிய சிக்னல். பக்கத்தில் ஓடும் மின்னணுச் சாதனத்தின் இரைச்சல் அதைக் குழப்பிவிடும். நின்றிருக்கும் காரும் தலைக்கு மேல் போகும் மின்கம்பியும்கூட அப்படித்தான், அதனால் வாகன நிறுத்தத்தை விட்டுத் தள்ளிப் போய்ப் பழகுங்கள். பேட்டரி விஷயத்தில் தயாரிப்பாளர் சொன்ன வகைதான். பெரும்பாலான பீக்கன்களுக்கு அது அல்கலைன். வேறு வகை போட்டால் அந்தச் சதவீதத்தை நம்ப முடியாது.

இனி கை. சிக்னல் வளைந்த கோட்டில் வருவதால் 3 மீட்டர் வரை அம்பின் பின்னால் போவது சரி. அதற்கப்புறம் அம்பை மறந்துவிட வேண்டும். முழங்காலிட்டு, பீக்கனைப் பனியை ஒட்டி வைத்து, அது பார்க்கும் திசையை மாற்றாமல் நேர்கோட்டில் மெதுவாக நகர்த்துங்கள். எண் குறைந்து, பிறகு ஏறும். குறைந்த இடத்துக்குத் திரும்பி வந்து, அங்கிருந்து இடமும் வலமும் அதேபோல். நீங்கள் ஒவ்வொரு முறை கையைத் திருப்பியபோதும் ஆன்டெனா வேறு கோணத்தில் சிக்னலைப் பிடித்திருக்கிறது, 2.1-க்கு அப்புறம் 2.9 வந்தது அதனால்தான். ஆழத்தில் புதைந்தவருக்கு எண் 1.5-க்குக் கீழே இறங்காமலும் போகலாம். பூஜ்யத்தைத் தேடாதீர்கள், இருப்பதில் சிறியது எங்கே என்று பாருங்கள்.

புரோப்பைச் சரிவுக்குச் செங்குத்தாகக் குத்துங்கள். முதல் குத்தில் படாவிட்டால் 25 செ.மீ. இடைவெளியில் சுருள்போல் வெளியே விரியுங்கள். பட்டதும் உருவாதீர்கள்.

9 வயதுக் கருவி என்றால் நான் மாற்றிவிடுவேன். பழைய ஆன்டெனாவின் அலைவரிசை மெல்ல நகர்ந்திருந்தால், உங்களைத் தேடி வரும் நண்பர்தான் தவிப்பார்.

பனிமலை_குமரன்:
அக்கா சொன்னதோடு, தோண்டுவதைக் கவனியுங்கள். 7 நிமிடம் தோண்டியிருக்கிறீர்கள், அதுவும் இளம்பனியில். சரிந்து நின்ற பனி கான்கிரீட் மாதிரி இறுகிவிடும். புரோப்புக்கு நேர் மேலே நின்று குழி பறிக்கவே கூடாது, கீழே இருப்பவர் மூச்சுவிடும் காற்றிடம் அமுங்கிவிடும். ஒரு மீட்டருக்கு மேல் ஆழம் என்றால், அந்த ஆழத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரம் சரிவில் கீழே இறங்கி, அங்கிருந்து உள்ளே தோண்டிக்கொண்டு போங்கள். முன்னால் இருப்பவர் வெட்ட, பின்னால் இருப்பவர் பனியைத் துடுப்புப் போடுவதுபோல் தள்ள வேண்டும். களைப்பு தெரியும் முன்பே இடம் மாறுங்கள். முகம் தெரிந்ததும் முதலில் வாயையும் மூக்கையும் சுத்தம் செய்து, அடுத்து நெஞ்சின் மேலுள்ள பனியை எடுத்துவிடுங்கள்.

சுவிட்சர்லாந்துக் கணக்குப்படி, 10 நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அதற்கப்புறம் அந்தக் கோடு செங்குத்தாக இறங்குகிறது. பௌ சம்மிட்டில் செல்போன் சிக்னல் கிடையாது. சாட்டிலைட் கருவியில் உதவி கேட்டாலும் ஹெலிகாப்டர் வர நேரமாகும். அந்த 10 நிமிடமும் உங்கள் மூவர் கையில்தான்.

ரெவல்ஸ்டோக்_நந்தினி:
படிப்பைப் பற்றிக் கேட்டீர்களே. அவலாஞ்ச் கனடா என்ற பனிச்சரிவுப் பாதுகாப்பு அமைப்பின் பாடத்திட்டத்தில் ‘கம்பேனியன் ரெஸ்க்யூ ஸ்கில்ஸ்’ (கூட வந்தவரை மீட்கும் திறன்) என்று ஒருநாள் பயிற்சி இருக்கிறது. மூவரும் ஒன்றாகப் போங்கள், ஒருவர் மட்டும் தேறினால் புதைபவர் அவராகவே இருக்கலாம்.

ஆனால் மீட்பை நம்பி மலை ஏற வேண்டாம். ராக்கீஸில் பனி மெல்லியது, குளிர் கடுமை. பல குளிர்காலங்களில் அடியில் இருக்கும் பனி சர்க்கரை மாதிரி ஆகிவிடும், அள்ளினால் விரலிடுக்கில் உதிரும். அதன் மேல் காற்று கொண்டுவந்து சேர்த்த பனி பலகை மாதிரி இறுகி உட்கார்ந்தால், 30 முதல் 45 டிகிரி சரிவில் ஒரு ஆளின் எடையே அதைப் பெயர்க்கப் போதும். அன்றைய முன்னறிவிப்பில் அபாயம் ‘கணிசம்’ என்றால் அதை நடுத்தரம் என்று படிக்காதீர்கள். ஐந்தில் மூன்றாவது படிதான், ஆனால் உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்த நாட்களில்தான். 2003-ல் ரோஜர்ஸ் பாஸ் அருகே கொனாட் கிரீக்கில் 7 பள்ளி மாணவர்கள் பனிச்சரிவில் இறந்தார்கள். அதன் பிறகுதான் பாதைகளை எளிது, சவால், சிக்கல் என்று தரம் பிரிக்கும் முறையே இங்கே வந்தது. உங்கள் முதல் பயணத்தை ‘எளிது’ பாதையில் வையுங்கள், தம்பி.

வாசு_கல்கரி:
அக்கா, குமரன், ரொம்ப நன்றி. நேற்று திறந்த மைதானத்தில் மறுபடி செய்தோம். போன் காரில், புது அல்கலைன் பேட்டரி, முழங்காலில் நின்று கையைத் திருப்பாமல் தேடினேன். எண் 2.4, 1.6, 1.1, 1.5 என்று ஒழுங்காக இறங்கி ஏறியது. 1.1-க்குத் திரும்பி வந்து குத்தினேன், மூன்றாவது குத்தில் பட்டது. புரோப் படும்போது 3 நிமிடம் 20 வினாடி, பை வெளியே வரும்போது 7. அடுத்த சுற்றில் நண்பர்கள் இருவரும் தேடினார்கள். ஒருவனுக்கு இன்னும் 6 நிமிடம் ஆகிறது, ஞாயிறு அவனுக்காகவே போகிறோம்.

பழைய பீக்கனை 25 மீட்டருக்கு அப்பால் இருந்து மற்ற இரண்டும் பிடிக்கவில்லை. புதியது வாங்கிவிட்டேன். ஒருநாள் பயிற்சிக்கு மூவரும் பதிந்தாயிற்று, பௌ சம்மிட் அதற்கப்புறம்தான். ஒரே ஒரு சந்தேகம்: கிளம்பும் இடத்தில் பீக்கன் சோதனையை ஒரு தடவை செய்தால் போதுமா?

ரெவல்ஸ்டோக்_நந்தினி:
இரண்டு தடவை. முதலில் ஒருவர் மட்டும் அனுப்பும் நிலையில் தள்ளி நிற்க, மற்ற இருவரும் தேடும் நிலையில் பிடித்துப் பாருங்கள். அப்புறம் அந்த ஒருவர் தேடும் நிலைக்கு மாற, மற்றவர்கள் அனுப்பும் நிலைக்கு மாற்றி ஒவ்வொருவராக அவரைக் கடந்து போங்கள். கடைசியில் அவரும் அனுப்பும் நிலைக்கு மாறியதை மற்ற இருவரும் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.