ரத்தப் பொரியல் சாப்பிடலாமா? அப்போஸ்தலர் 15 இன்றைக்கும் நமக்கா?

முத்துநகர் மருமகள்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு இது முதல் கிறிஸ்துமஸ். மாமியார் வீட்டில் ஆடு அடித்தார்கள். ரத்தத்தைச் சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ போட்டுப் பொரித்து அத்தை ஆசையாகப் பரிமாறினார்கள். விருந்துக்கு வந்த என் அப்பா அதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். "அப்போஸ்தலர் 15 வாசிச்சுப் பாரும்மா" என்றார், அவ்வளவுதான். அத்தை முகம் வாடிப்போனது. இரண்டு பேருமே ஜெபிக்கிறவர்கள். பன்றிக்கறி, விருத்தசேதனம் எல்லாம் நமக்கில்லை என்கிறோமே, ரத்தம் மட்டும் ஏன்?

கலாத்தியன்:
சிஸ்டர், தாராளமாகச் சாப்பிடுங்கள். ரத்தத்தைத் தேவன் ஏன் விலக்கினார் என்று லேவியராகமம் 17:11 காரணத்தோடு சொல்கிறது: பலிபீடத்தில் பாவநிவிர்த்திக்காகக் கொடுத்தது அது. பலி சிலுவையில் முடிந்தது, பலிபீடமும் இல்லை. மோசேயின் நியாயப்பிரமாணத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் முழுவதுக்கும் கடனாளி என்று கலாத்தியர் 5:3 எச்சரிக்கிறது. சிலுவைக்குப் பிறகும் சட்டியை எட்டிப் பார்த்து ஒருவருடைய விசுவாசத்தை அளப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

ஒலிவமரம்:
பிரதர், நீங்கள் மோசேக்குப் பதில் சொல்லியிருக்கிறீர்கள். சிஸ்டரின் அப்பா மோசேயைக் காட்டவே இல்லையே! கி.பி. 49 வாக்கில் எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்கள், யூதரல்லாத புறஜாதியார் கழுத்தில் நியாயப்பிரமாணம் என்ற நுகத்தடி வைக்கக்கூடாது என்று தீர்மானித்தார்கள். அதே கூட்டம்தான், அதே கடிதத்தில், விக்கிரகத்துக்குப் படைத்தது, ரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் இந்த நாலுக்கும் விலகியிருங்கள் என்று எழுதியது. பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது என்று கையெழுத்துப் போடாத குறையாக எழுதியிருக்கிறார்கள். நியாயப்பிரமாணம் நீங்கிய பிறகும் நின்ற விலக்கு இது. சீனாய் மலையில் நியாயப்பிரமாணம் கொடுக்கப்படுவதற்கு முன்னாலேயே ஆதியாகமம் 9:4-இல் நோவாவுக்கும் சொல்லப்பட்டது.

ஆதிச் சபையும் அப்படித்தான் புரிந்துகொண்டது. கி.பி. 177-இல் லியோன் பட்டணத்தில் கிறிஸ்தவர்கள் பிள்ளைகளைத் தின்கிறார்கள் என்று பழி போட்டுச் சித்திரவதை செய்தார்கள். முதலில் விசுவாசத்தை மறுதலித்திருந்த பிப்லிஸ் என்ற பெண், வேதனையின் நடுவில் தெளிந்து, "மிருகங்களின் ரத்தத்தைக்கூடத் தொடாதவர்கள் பிள்ளைகளைத் தின்பார்களா?" என்று கேட்டு இரத்தசாட்சியாக மரித்தாள். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். அவள் உயிரைக் கொடுத்துச் சொன்னதை நாம் ருசிக்காகத் தள்ளிவிடலாமா?

பனிமயம்:
நான் கத்தோலிக்கன். புனித அகுஸ்தீனார் காலத்திலேயே, கழுத்தில் அடித்துக் கொன்ற முயலை ரத்தம் வடிக்காமல் மேற்கில் சாப்பிட்டிருக்கிறார்கள்; தயங்கியவர்களைத்தான் மற்றவர்கள் வேடிக்கையாகப் பார்த்தார்கள் என்று அவரே எழுதுகிறார். யூதரும் புறவினத்தாரும் ஒரே திருச்சபையாக எழும்பிய காலத்துக்கான ஏற்பாடு அது, காரணம் நீங்கியதால் விலக்கும் நீங்கியது என்று 1442-இல் திருச்சபையின் புளோரன்ஸ் பொதுச்சங்கம் அறிவித்துவிட்டது.

ஒலிவமரம்:
அது மேற்கு. கிழக்கில் 692-இல் கூடிய துருல்லோ சங்கம், ரத்தம் உண்ணும் குருவைப் பதவி நீக்கவும் விசுவாசியைச் சபைக்கு வெளியே நிறுத்தவும் சொன்னதே!

கலாத்தியன்:
சங்கங்களை விடுங்கள், வசனத்துக்கு வாருங்கள். இந்த விலக்குகளை அந்தக் கூட்டத்தில் முன்வைத்த யாக்கோபு அடுத்த வசனத்திலேயே காரணம் சொல்கிறார்: பட்டணந்தோறும் ஜெபஆலயத்தில் மோசே வாசிக்கப்படுகிறார். அதாவது பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் யூத சகோதரன் இடறக்கூடாது. பவுலும் கடையில் விற்கிற எதையும் விசாரிக்காமல் வாங்கிப் புசியுங்கள் என்கிறார்.

ஒலிவமரம்:
அப்படியானால் அதே பட்டியலில் வேசித்தனமும் இருக்கிறதே, அதுவும் தற்காலிகமா? விக்கிரகத்துக்குப் படைத்ததைப் புசிக்கப் போதிக்கிறவர்களுக்கு இடம் கொடுத்ததற்காக ஆண்டவர் பெர்கமு, தியத்தீரா சபைகளை வெளிப்படுத்தல் 2-இல் கடிந்துகொள்கிறாரே?

கலாத்தியன்:
வேசித்தனத்தைப் பவுல் தனியாகவே, திரும்பத் திரும்ப விலக்குகிறார். ரத்தம் புசிப்பதைப் பற்றி அவர் நிருபங்களில் ஒரு வரிகூட இல்லை. வெளிப்படுத்தல் 2-க்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். கோவில் பந்தியில் உட்கார்வதைச் சொல்கிறது என்பது என் புரிதல்.

கறிக்கடைத் தெரு:
ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) சாப்பிடலாமா? அது முழுக்க ரத்தம்தானே!

ஒலிவமரம்:
வேதம் தரையில் ஊற்றச் சொன்னது அறுக்கும்போது வடிகிற ரத்தத்தை. கறிக்குள் நிற்பதற்காக நான் யாரையும் நியாயந்தீர்க்க மாட்டேன்.

முத்துநகர் மருமகள்:
எல்லாவற்றையும் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். பிப்லிஸ் வந்த இடத்தில் நிறுத்தி, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள். அப்பா வரும் நாளில் ரத்தம் வாங்க வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். மற்ற நாளில் நான் சாப்பிடுவதா என்பதுதான் இன்னும் தீரவில்லை. சாப்பாட்டுக்காக ஒருவரையொருவர் நியாயந்தீர்க்காதீர்கள் என்கிற ரோமர் 14-ஐ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒலிவமரம்:
அத்தைக்கு என் ஸ்தோத்திரம் சொல்லுங்கள். ரோமர் 14-இன் கடைசி வசனத்தை இரண்டு தடவை வாசியுங்கள், சிஸ்டர். சந்தேகத்தோடு சாப்பிடுகிறவனைப் பற்றியது.

கலாத்தியன்:
அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து. நல்லதென்று நிச்சயித்ததில் தன்னைக் குற்றப்படுத்தாதவன் பாக்கியவான் என்பது அது.